கியர் போட்டால் நின்றுவிடும் கார்

சிதம்பரத்துக்கு முதல் முறையாக வருகிற வெளிநாட்டார் யாராவது ‘ஈஸ்ட் கார் ஸ்டிரீட்’ என்ற விலாசத்தைப் படித்தால், மோட்டார் கார்களுக்கென்றே ஒரு வீதியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக் கொள்ளக் கூடும். அது தேர் ஓடுகிற கீழ வீதி என்பது நமக்குத் தெரியும். ஆனி மாதத்திலும் மார்கழி மாதத்திலும் மூலவராகிய நடராஜப் பெருமானே கோயிலை விட்டு வெளியே வந்து, தேரில் அமர்ந்து, நான்கு வீதிகளையும் சுற்றி வருகிறார். அன்று பிள்ளையார் முதல் சண்டிகேசுவரர் வரை ஐந்து தேர்கள் புறப்படும்.

தேர்த் திருவிழா பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஓடத் தொடங்கிவிட்ட தேரை இழுப்பது பெரிய காரியமல்ல. நிலையில் நிற்கிற தேரை முதல் அடி நகர்த்துவதுதான் பிரம்மப் பிரயத்தனம். வடத்தைப் பிடித்தவர்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சாக இழுக்க வேண்டும். பின்னால் நெம்பிக் கொடுக்க வேண்டும். சக்கரத்தின் அடியில் கொடுத்திருக்கும் முட்டுக்கட்டையைச் சரியான சமயத்தில் எடுக்க வேண்டும். ஒன்று தவறினாலும் தேர் அசைந்து கொடுக்காது.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற சின்னக் காருக்கும் இதே கதைதான். சாவியைத் திருப்பினால் எஞ்சின் உயிர் பெற்றுவிடுகிறது. நல்ல பிள்ளையாகச் சத்தம் போட்டுக்கொண்டு நிற்கிறது. கியரைப் போட்டதுதான் தாமதம், ஓர் உதறு உதறிவிட்டு நின்று போகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்கிறீர்கள், மறுபடி கியர், மறுபடி உதறல்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. பட்டுப் புடவையும் பூவுமாக எல்லோரும் வண்டியில் ஏறியாகிவிட்டது. இந்தச் சமயத்தில் கார் இப்படிச் செய்தால் என்ன நடக்கும்? பெரியப்பா, “பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது” என்பார். எதிர்வீட்டுக்காரர், “கியர் பாக்ஸ் போச்சு, பெரிய செலவு வைக்கும்” என்று ஆறுதல் சொல்வார். கல்லூரியில் படிக்கிற பிள்ளை கைப்பேசியில் தேடி, பதினேழு காரணங்களை ஒப்பிப்பான். ஆனால் முதலில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை இவர்களில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எந்தக் கணத்தில் நிற்கிறது?

கியரைப் போடும்போதா? கிளச்சிலிருந்து காலை எடுக்கும்போதா? பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கும்போதா? இதற்குச் சரியான பதில் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. அந்தப் பதிலைச் சொல்லக் கூடியவர் மெக்கானிக் அல்ல. வண்டியில் உட்கார்ந்திருந்த நீங்கள்தான்.

சிம்மில் வைத்த அடுப்பு

கியர் போடாமல் நிற்கும் எஞ்சின், சிம்மில் வைத்த காஸ் அடுப்பு மாதிரி. அணையாமல் எரிவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் எரிகிறது. இதை ஐட்லிங் என்கிறார்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இந்த நிலையில் எஞ்சின் நிமிஷத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை சுற்றும். ஜன்னல் வழியே ஒரு காற்று வீசினால் சிம் அடுப்பு அணைந்துவிடுகிறதல்லவா? அதுபோல, ஐட்லிங்கில் இருக்கும் எஞ்சின் தலையில் திடீரென்று ஒரு பாரத்தை வைத்தால் அது நின்றுவிடும்.

அந்தப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதற்காகத்தான் கிளச் என்ற ஏற்பாடு. இரண்டு வட்டத் தட்டுக்கள் முகத்தோடு முகம் ஒட்டி நிற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று எஞ்சினோடு சேர்ந்தது, மற்றொன்று கியர் பாக்ஸோடு சேர்ந்தது. கிளச்சை மிதித்தால் இரண்டும் பிரிகின்றன; காலை மெல்ல எடுத்தால் மெல்ல உராய்ந்து, பிறகு இறுகச் சேர்ந்து ஒன்றாகச் சுற்றுகின்றன.

ஆகவே கியர் போட்டதும் வண்டி நிற்கிறது என்றால் இரண்டில் ஒன்று: பிரிய வேண்டிய தட்டுக்கள் பிரியவில்லை, அல்லது பாரத்தைத் தாங்க வேண்டிய எஞ்சின் தாங்கவில்லை.

கால் கிளச்சில் இருக்கும்போதே நின்றால்

கிளச்சை முழுக்க மிதித்திருக்கிறீர்கள். காலை எடுக்கவே இல்லை. முதல் கியருக்கோ ரிவர்ஸுக்கோ தள்ளியவுடன் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடுகிறது. கியர் விழுவதே கஷ்டமாக இருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் ‘கரகர’ என்று பல்லைக் கடிக்கிறது. அப்படியானால் எஞ்சின் பேரில் பழி போட வேண்டாம். தட்டுக்கள் பிரியவில்லை என்பதுதான் பொருள்.

முதலில் குனிந்து பெடலின் அடியில் பாருங்கள். கால்மிதி சுருண்டு கிடக்கலாம். குழந்தை உருட்டிவிட்ட தண்ணீர் பாட்டில் அங்கே போய்ப் பதுங்கியிருக்கலாம். பெடல் அடி வரை போகாவிட்டால் கிளச் எப்படிப் பிரியும்? கால்மிதியை இழுத்துவிட ஒரு காசும் செலவில்லை.

அடுத்தது, பெடல் எப்படி இருக்கிறது? சில கார்களில் கிளச் கம்பி வடத்தால் இயங்குகிறது. சிலவற்றில் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குகிறது. வடம் தளர்ந்தாலும், எண்ணெய் கசிந்தாலும், குழாயில் காற்று புகுந்தாலும் பெடல் தொளதொளவென்று போகும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் எண்ணெய்க் கிண்ணம் ஒன்றேதான். பானெட்டைத் திறந்து, அதன் மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் பிரேக்கும் நம்பத் தகுந்ததல்ல; வண்டியை ஓட்டாதீர்கள்.

இன்னும் சந்தேகமா? இரண்டு பேர் சேர்ந்து செய்யக் கூடிய ஒரு பரீட்சை இருக்கிறது. சமதரையில், எஞ்சினை நிறுத்திவிட்டு, ஹாண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். ஒருவர் டிரைவர் இடத்திலேயே, பிரேக்கை மிதிக்கத் தயாராக இருக்க வேண்டும். வண்டியை நியூட்ரலில் வைத்து மற்றவர் பின்னாலிருந்து தள்ளட்டும். நகரவில்லையென்றால் பிரேக் பிடித்துக் கொண்டிருக்கிறது. நகர்ந்தால், இப்போது முதல் கியரில் போட்டு, கிளச்சை முழுக்க மிதித்துக்கொண்டு, மறுபடி தள்ளச் சொல்லுங்கள். அப்போதும் சுலபமாக நகர்ந்தால் கிளச் பிரிகிறது. முரண்டு பிடித்தால் பிரியவில்லை. தீர்ந்தது விவகாரம்.

வெள்ளம் வடிந்த பிறகு

கடலூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு தனி வார்த்தை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல். 2015 கடைசியில் பெருமழை. 2024 டிசம்பர் ஆரம்பத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் பெருகி வந்த வெள்ளம்... கடலூரில் தண்ணீர் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்ல முடியாத குடும்பம் அபூர்வம். வீட்டுக்குள் வந்த தண்ணீர் காரை மட்டும் விட்டு வைக்குமா?

கிளச் பிளேட் அழுத்திக்கொண்டு நிற்கும் இடம் இரும்பு. ஈரம் பட்டு நாட்கணக்கில் அசையாமல் நின்றால் துருவேறி, பிளேட்டும் இரும்பும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கின்றன. தோசைக் கல்லை ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் மறுநாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒட்டிக்கொண்ட பிறகு பெடலை எவ்வளவு மிதித்தாலும் தட்டுக்கள் பிரியா. வெள்ளத்துக்கு முன் நன்றாக ஓடிய வண்டி, வடிந்த பின் கியர் போட்டதும் குதித்து நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

பின் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை. மழைக் காலத்தில் ஹாண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போய் வந்தால், பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொண்டு விடும். நிலையில் முட்டுக்கட்டை எடுக்காத தேரை இழுத்தால் எப்படியோ அப்படித்தான். கிளச்சை விட்டதும் எஞ்சின் முக்கி முனகி நின்றுவிடும். ஆகையால் பல நாள் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள், சமதரையில் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, ஹாண்ட் பிரேக்கை விட்டு வைப்பது நல்லது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். எஞ்சின் வரை தண்ணீர் ஏறிய காரை, “ஓடுகிறதா பார்க்கலாம்” என்று ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே தண்ணீர் இழுக்கப்பட்டால் எஞ்சினே உடைந்து போகும். இன்ஷூரன்ஸ் பாலிஸியில் எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு இல்லாவிட்டால், அப்படி உடைந்ததற்குப் பணமும் கிடைக்காமல் போகலாம். கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும்.

காலை எடுக்கும்போது நின்றால்

கியர் அழகாக விழுகிறது. காலைக் கிளச்சிலிருந்து எடுக்கும்போதுதான் எஞ்சின் நிற்கிறது. புதிதாக ஓட்டக் கற்பவர்களுக்கு இது சகஜம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பத்து வருஷமாக ஓட்டுகிறவருக்குத் திடீரென்று இப்படி நேர்ந்தால், விசாரிக்க வேண்டியதுதான்.

ஹாண்ட் பிரேக் எடுத்தாகிவிட்டதா? முதல் கியர் என்று நினைத்து மூன்றாவதில் போட்டுவிட்டீர்களா? இரண்டும் எத்தனையோ தேர்ந்த டிரைவர்களுக்கும் நேர்வதுதான். இவை இல்லையென்றால் எஞ்சினின் நாடியைப் பார்க்க வேண்டும்.

நியூட்ரலில் வைத்து, ஏ.ஸி.யை அணைத்துவிட்டு, சுற்றுக் காட்டும் முள்ளைப் பாருங்கள். ஆடாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பிறகு ஏ.ஸி.யைப் போடுங்கள். முள் கொஞ்சம் அசைந்து உடனே சமாளித்துக் கொண்டால் நல்லது. தாழ்ந்துபோய், வண்டி நடுங்கி, இதோ நிற்கிறேன் என்று பயமுறுத்தினால், ஐட்லிங் பலவீனமாக இருக்கிறது. கியரின் பாரம் வந்தால் அது எப்படித் தாங்கும்?

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் போன்ற பழைய கார்களில் கார்புரேட்டர் இருந்தது. ஒரு திருப்புளியால் திருகாணியை அரைச் சுற்றுத் திருகி ஐட்லிங்கைக் கூட்டிவிடுவார்கள். இப்போதைய கார்களில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. எஞ்சினுக்குள் காற்றை அளந்து விடும் ‘திராட்டில்’ என்ற கதவின் ஓரங்களில் கரி படிந்தால், கம்ப்யூட்டரின் கணக்கு தப்பிப் போகிறது. பால் பொங்கி வழிந்த பர்னரில் சிம் நிற்காதது போலத்தான். பர்னரைக் கழுவுகிற மாதிரி அதையும் சுத்தம் செய்தால் பல கார்கள் பழையபடி ஆகிவிடும்.

காற்றுக் குழாய் ஒன்று வெடித்திருந்தாலும் இதே நோய். எஞ்சின் பக்கத்திலிருந்து பாம்பு சீறுகிற மாதிரி சத்தம் கேட்டால் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அழுக்கேறிய ஏர் பில்டர், அடைபட்ட பெட்ரோல் பில்டர், தேய்ந்துபோன ஸ்பார்க் பிளக் இவைகளும் எஞ்சினைச் சோகை பிடித்ததாக்கும். பாட்டரி மாற்றிய மறுநாள் ஆரம்பித்த தொல்லையா? சில கார்களில் பாட்டரியைக் கழற்றினால் கம்ப்யூட்டர் தான் கற்றதை மறந்துவிடும். அதற்கு ஐட்லிங்கை மறுபடி கற்றுக் கொடுத்தால் போதும்.

எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். எரிந்தால், எந்தச் சாமானையும் மாற்றுவதற்கு முன்னால், கம்ப்யூட்டர் என்ன புகார் எழுதி வைத்திருக்கிறது என்பதைக் கருவி வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கிளச் பெடல் இல்லாத கார்

ஆட்டோமாட்டிக் கார் வைத்திருப்பவர்கள், “எங்களுக்குக் கிளச்சே இல்லையே!” என்று சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் உண்டு, வேறு உருவத்தில்.

இரண்டு மேஜை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பிவிட்டால், அதுதான் ‘டார்க் கன்வெர்ட்டர்’. ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் 1905-இல் கப்பல்களுக்காக யோசித்த தந்திரம் இது. பின்னால் காருக்கு வந்தது. ஓடுகிற விசிறிக்கு எதிரே மற்ற விசிறியைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் ஓடுகிறது நிற்பதில்லை அல்லவா? அதனால்தான் ‘டி’யில் போட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றாலும் எஞ்சின் நிற்பதில்லை.

வேகமாகப் போகும்போது பெட்ரோல் மிச்சமாவதற்காக இரண்டு விசிறிகளையும் பூட்டிவிடுகிற ஒரு தாழ்ப்பாள் உண்டு. வண்டி நிற்கும்போது அது தானே திறந்துகொள்ள வேண்டும். அதை இயக்கும் மின்சார வால்வு சிக்கிக்கொண்டால் தாழ்ப்பாள் பூட்டியபடியே இருக்கும். பிரேக் போட்டு நிறுத்தும்போதோ, ‘டி’யிலோ ‘ஆரி’லோ போடும்போதோ எஞ்சின் நின்றுவிடும். வண்டி சூடான பிறகு, சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறதென்றால் இதைச் சந்தேகிக்கலாம். ‘டி’, ‘ஆர்’ இரண்டிலும் நிற்கிறதா, ஒன்றில் மட்டுமா என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். இரண்டிலும் நின்றால் ஐட்லிங்கின் பலவீனமாகவும் இருக்கலாம்.

2014-இல் மாருதி செலேரியோ மூலம் நம் நாட்டில் பரவிய ‘ஏ.எம்.டி.’ வண்டிகளில் விசிறியும் இல்லை, எண்ணெயும் இல்லை. உள்ளே இருப்பது சாதாரணக் கிளச்தான். உங்கள் காலுக்குப் பதில் ஓர் இயந்திரம் அதை மிதிக்கிறது. ஆகையால் முன்னே சொன்ன கிளச் தொல்லைகள் அதற்கும் உண்டு. மின்சாரக் கார்களுக்கு மாத்திரம் இந்த நோய் கிடையாது. அவற்றின் மோட்டார், வண்டி நின்றால் தானும் ஓய்வெடுத்துக் கொள்கிறது. சிம்மில் எரிய வேண்டிய அவசியமே இல்லை.

நோயல்லாத நோய்

சில புதுக் கார்கள் சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து கிளச்சை விட்டதும் தாமாகவே எஞ்சினை நிறுத்திக் கொள்ளும். கிளச்சை மிதித்தால் மறுபடி கிளம்பும். பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு அது. அதுபோல, புதிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பக்க ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டால் எஞ்சின் நின்றுவிடும். கீழே விழாமல் காப்பாற்றுவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இதற்காக மெக்கானிக் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்!

தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டால்

வாசலில் நின்ற கார் நேரத்தைத்தான் தின்னும். வழியில் நின்றால் உயிரையே கேட்கலாம். கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போகும்போது ரயில் பாதையும் துணைக்கு வருகிறது. சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினால் ரயில்வே கேட்டைக் கடக்க நேரும். 2025 ஜூலை 8-ஆம் தேதி செம்மங்குப்பம் கேட்டில் பள்ளிக்கூட வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவச் செல்வங்கள் மாண்டு போனதைக் கடலூர் மறக்காது. அது வண்டி நின்று போனதால் வந்த விபத்தல்ல. ஆனாலும் தண்டவாளத்தின் மேல் ஒரு வண்டி எத்தனை விநாடி இருக்கலாம் என்பதை அந்தக் காலை நேரம் எல்லோருக்கும் உணர்த்திவிட்டது.

கியர் போட்டால் நிற்கிற வண்டியை ரயில்வே கேட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். எந்த வண்டியானாலும், எதிர்ப்பக்கத்தில் இடம் காலியான பிறகே தண்டவாளத்தில் ஏறுங்கள். முதல் கியரிலேயே கடந்துவிடுங்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள். அப்படியும் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். குழந்தைகள், பெரியவர்கள் உள்பட எல்லோரையும் இறக்கித் தண்டவாளத்தை விட்டு நன்றாக விலக்குங்கள். உடனே கேட் கீப்பரிடம் ஓடிச் சொல்லுங்கள். ரயில் வரவில்லை என்று அவர் சொன்னால் மட்டும், நியூட்ரலில் போட்டுத் தள்ளலாம். நகைப் பெட்டி உள்ளே இருக்கிறதே என்று திரும்பிப் போகாதீர்கள். நெடுஞ்சாலையில் நின்று போனால் 1033, எந்த ஆபத்துக்கும் 112 என்ற எண்களைக் காரிலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.

பரீட்சை செய்யும்போதும் எச்சரிக்கை தேவை. கிளச் பிரியாத வண்டி, கியர் விழுந்த மாத்திரத்தில் பாயும். அதன் முன்னாலும் பின்னாலும் ஒருவரும் நிற்கக் கூடாது. கோலம் போடுகிற பெண்ணும் சைக்கிள் விடுகிற குழந்தையும் அங்கேதானே இருப்பார்கள்?

மெக்கானிக்குக்கு ஒரு சீட்டு

டாக்டரிடம் போய், “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பார். “கார் நின்றுவிடுகிறது” என்று மட்டும் பட்டறையில் சொன்னாலும் அதேதான். கியர் பாக்ஸைக் கீழே இறக்கிப் பார்த்துவிட்டு, பெடலுக்கு அடியில் கால்மிதி சுருண்டு கிடந்தது என்று கண்டுபிடித்தால், இறக்கிய கூலி யாருடையது?

ஆகையால் பட்டறைக்கு அனுப்புமுன் ஒரு சின்னக் காகிதத்தில் இவற்றை எழுதிக் கொடுங்கள்:

எந்தக் கணத்தில் நின்றது: கியர் விழும்போதா, கிளச்சை விடும்போதா, பிரேக் பிடித்து நிற்கும்போதா?

எந்த எந்தக் கியரில்? ரிவர்ஸில் சத்தம் உண்டா?

காலையில் முதல் தடவை மட்டுமா, வண்டி சூடான பிறகா, எப்போதுமா?

ஏ.ஸி. போட்டிருந்ததா? அணைத்தால் நிற்கிறதா? ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்தால் தப்பித்துக் கொள்கிறதா?

தள்ளிப் பார்த்ததில் நகர்ந்ததா?

மஞ்சள் விளக்கு எரிகிறதா?

சமீபத்தில் என்ன நடந்தது: மழையில் நின்றதா, பாட்டரி மாற்றினீர்களா, பழுது பார்த்தார்களா?

வேலை முடிந்து வண்டி திரும்பி வந்ததும் இந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். என்ன செய்தார்கள், எந்தச் சாமானை மாற்றினார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்பதை அதன் பின்புறத்தில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் வைத்துப் பழகிய கைகளுக்கு இது ஒரு பிரமாதமா? அடுத்த தடவை கார் நின்றால், பெரியப்பாவும் எதிர்வீட்டுக்காரரும் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் அந்தக் காகிதத்தை எடுத்துவிடலாம்.